ஒப்புதல் தேவை

மனிதன் 'ஆம்' என்று சொல்லாமல் எந்த இயந்திரமும் மனிதனுடைய மூச்சில் கை வைக்கக் கூடாது என்று சட்டம் வந்த வருஷம்தான் எனக்குக் கல்யாணம் நடந்தது. இயந்திரங்கள் தாமாக முடிவெடுத்து இரண்டு மூன்று ஊர்களில் ஆட்களைக் கொன்றிருந்த சமயம் அது. இனி முடிவு மனிதனுடையது என்று சொல்லி, சட்டம் கொண்டுவந்தவர்கள் மேசையைத் தட்டிக்கொண்டார்கள். நானும் நல்ல சட்டம் என்றுதான் நினைத்தேன். பத்திரிகையில் படித்துவிட்டு என் கணவரிடம் சொன்னேன்.

"நல்லதுதான் தங்கம்," என்றார் சூசை. "அந்த மனுசன் அந்த நேரம் ஒண்ணுக்குப் போயிருந்தா?"

தூத்துக்குடிக்குக் கிழக்கே கடலடியில் அறைகள் கட்டி, மணலிலிருந்து கனிமம் பிரிக்கும் கம்பெனி ஒன்றில் அவருக்கு வேலை. பத்து நாள் கீழே இருப்பார், பத்து நாள் மேலே. கீழே அவர்கள் விடும் மூச்சைச் சுத்தம் பண்ணி, வேண்டிய அளவில் கலந்து திருப்பி அனுப்புவது கரையில் இருந்த கணினி. எந்த அறையில் காற்று கெடுகிறது, எந்தக் குழாயைத் திறக்க வேண்டும் என்பதெல்லாம் அதற்குக் கண் சிமிட்டும் நேரத்தில் தெரிந்துவிடும். ஆனாலும் தானாகத் திறக்கக் கூடாது. கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் மனிதனுடைய திரையில் ஒரு சிறு சாளரத்தைக் காட்டிக் கேட்க வேண்டும். சாளரத்தின் தலையில் 'ஒப்புதல் தேவை' என்றிருக்கும். உள்ளே விஷயம், கீழே இரண்டு பொத்தான்கள்: ஆம், இல்லை.

அந்த 'ஆம்' சொல்கிற மனிதன் இசக்கிமுத்து. சூசையை அண்ணாச்சி என்றும் என்னை மைனி என்றும் கூப்பிடுவான். அவன் முன்னால் மூன்று திரைகள். அந்தச் சாளரம் ஒரு நாளில் எத்தனை தடவை வரும் என்று எண்ணுவதை அவனே விட்டுவிட்டான். விசிறியைக் கொஞ்சம் வேகப்படுத்துவதற்கும் கேட்கும், மெதுவாக்குவதற்கும் கேட்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தவன், "தூக்கத்துலயும் விரல் அமுக்குது மைனி," என்றான்.

"ஏல, உனக்குப் பொண்ணு குடுக்கிறவன் பாக்கியசாலி," என்றார் சூசை. "பொண்டாட்டி எது கேட்டாலும் ஆம்தான்."

"இல்லைன்னு ஒரு பொத்தானும் இருக்கு அண்ணாச்சி."

"அதை அமுக்கிப் பாரு. ராத்திரிச் சோறு கிடைக்கான்னு பாப்போம்."

அந்தச் சாளரம் எப்போதும் நடுத்திரையில், அவன் பார்த்துக்கொண்டிருக்கும் எண்களின் மேலேயே வந்து உட்காரும். வேலை செய்ய முடியவில்லை என்று எல்லா ஷிப்ட்காரர்களும் புகார் சொன்னார்கள். கம்பெனி சென்னையிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்தது. பெயர் நிரஞ்சன். பதவி, பயனர் அனுபவத் தலைவர். யாருடைய என்ன அனுபவத்துக்கு அவர் தலைவர் என்பது எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை. அவர் ஆறு மாதம் உட்கார்ந்து, சாளரங்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று விதிகள் எழுதினார். பயனரின் வேலைக்குக் குறுக்கே பாயக் கூடாது. அவர் கடைசியாக எங்கே நகர்த்தி வைத்தாரோ அங்கேதான் அடுத்த தடவையும் திறக்க வேண்டும். தலைப்பு இரண்டு சொல்லுக்கு மேல் போகக் கூடாது. பதில் கிடைக்கும்வரை பின்னால் இருக்கும் எதையும் அசையவிடக் கூடாது. படித்தால் விருந்தாளிக்கு மரியாதை சொல்லிக்கொடுப்பது போல இருக்கும். அதற்காக அவருக்கு ஒரு விருதும் கொடுத்தார்கள்.

இசக்கி சாளரத்தை மூன்றாவது திரையின் வலது ஓரத்துக்கு இழுத்து வைத்தான். அது அங்கேயே வரப் பழகிக்கொண்டது. எல்லோருக்கும் நிம்மதி.

ஆயுத பூஜை வந்தது. தொழிற்சாலை முன்னால் பந்தல் போட்டு, ஸ்பானர், காற்றுக் குழாய், ஜீப் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களும் அன்றைக்குப் பந்தலுக்குப் போய்ப் பொரி வாங்குவது வழக்கம். குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். சூசை இரண்டு பேரோடு கீழே இருந்தார். "பொரிகடலை எனக்கும் எடுத்து வை, பிள்ளைகளுக்கு அள்ளிக் குடுத்துராத," என்று காலையில் போனில் சொன்னார்.

எம்.டி. வெளிநாட்டில் இருந்தார். வாழ்த்துச் சொல்லி வீடியோ அனுப்பியிருந்தார். எம்.டி.யின் முகம் சின்னதாகத் தெரிந்தால் நன்றாயிருக்காது என்று மக்கள் தொடர்பு அதிகாரி கிருபாகரனுக்குத் தோன்றியது. இரண்டு ஆட்களோடு கட்டுப்பாட்டு அறைக்குப் போய், இருப்பதிலேயே பெரிதான மூன்றாவது திரையைக் கழற்றித் தூக்கிவந்தார். இந்தக் காலத்துத் திரைகளுக்குக் கம்பி கிடையாது. எங்கே கொண்டுபோய் வைத்தாலும் தன் பழைய கணினியோடு பேச்சை விடாது. வேறொரு கணினி கூப்பிட்டால் அதற்கும் இடம் கொடுக்கும். கிருபாகரனின் லேப்டாப் கூப்பிட்டது, திரை இடம் கொடுத்தது.

திரையின் மேல்விளிம்பில் செவ்வந்தி மாலை போட்டிருந்தார்கள். எம்.டி. பேசினார். நாமெல்லாம் ஒரே குடும்பம் என்றார். உங்கள் பாதுகாப்பே என் மூச்சு என்றார். அப்போது வலது ஓரத்தில், அவர் தோளை மறைத்துக்கொண்டு ஒரு சாளரம் திறந்தது. நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். தலைப்பை மட்டும் வாசித்தேன்: ஒப்புதல் தேவை.

"ஏய், யாருப்பா அங்க? அப்டேட் கேக்குது பாரு," என்றார் கிருபாகரன்.

ஒருவன் லேப்டாப்பில் மவுஸை உருட்டிப் பார்த்தான். அம்பு அதன்மேல் ஏறவே இல்லை. "சார், போக மாட்டேங்கு."

"சரி விடு. அந்த மாலையக் கொஞ்சம் இறக்கி விடு. எம்.டி. மூஞ்சி தெரிஞ்சாப் போதும்."

மாலையின் வலது முனையை அவிழ்த்துத் தொங்கவிட்டார்கள். சாளரம் பூவுக்குள் போயிற்று. எம்.டி. மேலும் பேசினார். நாங்கள் கைதட்டினோம். கற்பூரம் காட்டி முடித்து, பொரியைப் பொட்டலம் போட்டுக்கொண்டிருந்தபோது தொழிற்சாலையின் அபாயச் சங்கு ஊதியது.

மூன்று பேரில் இரண்டு பேர் மயக்கமாக மேலே வந்தார்கள். சூசை உள்ளறையில் இருந்தவர். அவரைக் கொண்டுவந்தார்கள்.

அடக்கம் முடிந்த மறுநாளே கம்பெனி அறிக்கை விட்டது. கணினி ஆபத்தை உரிய நேரத்தில் கண்டுபிடித்தது, சட்டப்படி ஒப்புதல் கேட்டது, பணியிலிருந்தவர் பதில் தரவில்லை. முடிவு மனிதனுடையது என்று சட்டமே சொல்லிவிட்டதால் தவறும் மனிதனுடையது. அந்த மனிதன் எம்.டி.யாகவோ நிரஞ்சனாகவோ இருக்க முடியாதல்லவா? இசக்கிமேல் போலீஸ் வழக்குப் போட்டது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை வைத்து விசாரணை நடக்கும், அவர் சொல்வதைப் பொறுத்து அவன் சிறைக்குப் போவான் என்றார்கள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் போன பிறகு இசக்கி வந்தான். வாசலுக்கு வெளியே, கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"உள்ள வாய்யா."

"வேண்டாம் மைனி. நான் எப்படி வர?"

"அங்க நின்னா தெருவே பாக்கும். வந்து உக்காரு."

உட்கார்ந்தான். தேநீரைக் கையில் வாங்கினான், குடிக்கவில்லை.

"நான் அமுக்கிக்கிட்டேதான் இருந்தேன் மைனி. அண்ணாச்சி ரூம்ல காத்து கெடுதுன்னு நடுத்திரையில செவப்பா தெரியுது. மாத்துக் குழாயைத் திறக்கலாம்னு அமுக்குதேன். டிங்குன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான். மறுபடி அமுக்குதேன். டிங். எதைத் தொட்டாலும் டிங்."

"ஏன்?"

"எங்கயோ ஒரு ஒப்புதல் விண்டோ பதிலுக்குக் காத்துக்கிட்டு இருக்கு. அதுக்குப் பதில் சொல்லாம வேற எதையும் தொட விடாது. எனக்குத் தெரியும், அது மூணாவது திரையிலதான் வரணும்னு. அந்தத் திரைதான் அங்க இல்லையே. முதல்லயே சொன்னேன் மைனி, சார், அதுலதான் ஒப்புதல் கேக்கும், எடுக்காதீங்கன்னு. கால் மணி நேரம்யா, அதுக்குள்ள கடல் வத்தியா போயிரும்னு கேட்டாரு கிருபாகரன்."

"கணினியை நிறுத்திட்டு மறுபடி போட வேண்டியதுதானே?"

"செஞ்சு பாத்தேனே. நிறுத்தட்டுமான்னு அதுக்கும் ஒப்புதல் கேக்கும். அந்த விண்டோவும் அங்கதான வரும்." அவன் உதடு கோணியது. "வெளிய வந்து கத்தினேன். பந்தல்ல எம்.டி. பேச்சு சத்தத்துல யாருக்கும் கேக்கல. திரும்ப ஓடிப்போயி அமுக்கினேன்."

சாளரம் எங்கே வந்தது என்று இவனுக்குத் தெரியாது. திரையைத் தூக்கியதும் அதன் தொடர்பு அறுந்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருக்கிறான். கிருபாகரனோ அந்தத் திரையைப் பொட்டு வைக்க எடுத்து விபத்துக்கு முன்பே திருப்பி வைத்துவிட்டோம், வீடியோ வேறு திரையில் ஓடியது என்று எழுதிக் கொடுத்திருந்தார். பந்தலில் இருந்த அத்தனை பேருக்கும் அந்தக் கம்பெனியில் பிழைப்பு. எனக்கு அது அறுந்துபோய் ஒரு மாதம் ஆகியிருந்தது.

"தேத்தண்ணியைக் குடி," என்றேன். "விசாரணைக்கு நானும் வாரேன்."

விசாரணை கலெக்டர் அலுவலகத்துக் கூட்ட அரங்கில் நடந்தது. நீதிபதி கோமதிநாயகம் வயதானவர், மெதுவாகப் பேசுகிறவர். நிரஞ்சன் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்து சாட்சிக் கூண்டைச் சுற்றிப் பார்த்தார், அதன் வடிவமைப்பில் ஏதோ குறை கண்டவரைப் போல.

"சார், யூஸரை டிஸ்டர்ப் பண்ணக் கூடாது. அதுதான் எங்க முதல் கொள்கை," என்றார்.

"மூச்சு முட்டுறதும் டிஸ்டர்ப்தானேய்யா?" என்றார் நீதிபதி.

"அது வேற சார். நான் சொல்றது கரையில இருக்கிற யூஸர்."

"கீழே இருக்கிறவர்?"

"அவர் யூஸர் கிடையாது சார். அவர் ஸ்கிரீனைப் பார்க்கிறதில்லையே."

அரங்கில் யாரோ செருமினார்கள். நிரஞ்சன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும், இன்னும் உற்சாகமாக விளக்கினார். "ஒரு விண்டோவை உருவாக்குறது வேற சார், காட்டுறது வேற. முதல்ல மறைவா உருவாக்கிடுவோம். உள்ள எழுத்து, பட்டன் எல்லாம் ரெடியானப்புறம்தான் காட்டுவோம். பாதி வரைஞ்ச விண்டோவைக் காட்டினா பார்க்க அசிங்கமா இருக்கும். காட்டுறதுக்கு முன்னாடி, பழைய இடத்துல திரை இருக்கான்னு புரோக்ராம் கேட்கும். இருக்குன்னு பதில் வந்தாத்தான் அங்க காட்டும். அன்னிக்கும் பதில் வந்தது. காட்டிச்சு. பதிவெல்லாம் இருக்கு சார். எங்க பக்கம் எல்லாமே பெர்ஃபெக்ட்."

"அந்த டிங் சத்தம் எதுக்கு?"

"ஒரு கேள்வி காத்துட்டு இருக்குன்னு மரியாதையா ஞாபகப்படுத்துறது."

"கேள்வி எங்கே காத்திருக்குன்னு சொல்லுமா?"

"யூஸர் வச்ச இடம்தானே சார், அவருக்கே தெரியும்."

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். பந்தலில் பார்த்ததைச் சொன்னேன். திரையின் ஓரத்தில் வந்த சாளரம், அதன் தலைப்பு, ஏறாத அம்பு, இறக்கிய மாலை. இசக்கி தலைநிமிர்ந்து என்னைப் பார்த்தான். பார்த்தபடியே இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். கிருபாகரன் தரையில் எதையோ தேடினார்.

கம்பெனி வக்கீல் எழுந்தார். அந்த அம்மாள் பேச்சில் தேன் ஒழுகும். "தங்கம் அம்மா, உங்க துக்கம் எனக்குப் புரியுது. நீங்க படிச்சவங்கதானே?"

"பள்ளிக்கூட லைப்ரரியில வேலை பாக்கேன்."

"அப்ப 'ஒப்புதல் தேவை'ன்னு இருந்ததை வாசிச்சிருக்கீங்க. வாசிச்சுட்டும் ஏன் சும்மா உட்கார்ந்திருந்தீங்க?"

"எங்க ஊர்க் கல்யாண மண்டபத்துல போட்டோ ஓட்டும்போது அந்த மாதிரி பத்துத் தடவை வரும்மா. மாப்பிள்ளை மூக்கு மேலேயே வரும். யாரும் பந்தியில இருந்து எந்திரிச்சுப் போயி ஒப்புதல் குடுக்கிறதில்ல."

அரங்கு சிரித்தது. நீதிபதி சிரிக்கவில்லை.

"தலைப்பு ரெண்டே சொல்லுலதான் இருக்கணும்னு விதி எழுதினது இந்தத் தம்பி," என்று நிரஞ்சனைக் காட்டினேன். "'நாலாம் ரூம்ல ஆள் சாகுது'ன்னு எழுதியிருந்தா நான் மட்டும் இல்ல, பந்தல்ல பொரி தின்ன குழந்தைகூட ஓடியிருக்கும். அது நீளமாப் போயிரும்னு எழுதல. எழுதியிருந்த கொஞ்சத்தையும் எம்.டி. தோள்பட்டைக்காகப் பூவால மூடிட்டாங்க. இசக்கி என்ன செய்வான்?"

வக்கீல் உட்கார்ந்தார். நீதிபதி நிரஞ்சன் பக்கம் திரும்பினார்.

"அந்தச் சாளரம் சரியாக் காட்டப்பட்டதுன்னு இப்பவும் சொல்றீங்களா?"

"டெக்னிக்கலா ஆமா சார்."

"யாருக்குக் காட்டிச்சு?"

நிரஞ்சன் யோசித்தார். அந்த ஒரு நொடி அவர்மேல் எனக்கு லேசாக இரக்கம்கூட வந்தது. வாயைத் திறந்து அதையும் கெடுத்துக்கொண்டார்.

"ஸ்கிரீனுக்கு சார்."

அன்றே இரண்டு பேர் எழுந்து, நாங்களும் பார்த்தோம் என்றார்கள். மறுநாள் ஒன்பது பேர் வந்தார்கள். முதல் ஆள் போன பிறகு போவது எல்லோருக்கும் எளிது.

இசக்கிமேல் குற்றம் இல்லை என்று நீதிபதி எழுதினார். வழக்கு நின்றது. வேறு யார்மேல் குற்றம் என்று எழுதும் அதிகாரம் அவருக்குக் கொடுக்கப்பட்டிருக்கவில்லை. 'நடைமுறைக் குறைபாடு' என்று எழுதினார். கிருபாகரனை மும்பைக் கிளைக்கு மாற்றினார்கள், சம்பள உயர்வோடு. இசக்கி அந்தப் பக்கமே போகவில்லை. திருச்செந்தூர் ரோட்டில் ஒரு நாற்றுப்பண்ணையில் சேர்ந்தான். செடிகள் எதையும் கேட்பதில்லை மைனி என்றான். அவனுக்குக் கல்யாணம் ஆனபோது எனக்குத்தான் முதல் பத்திரிகை.

சில மாதம் கழித்து நிரஞ்சன் போன் பண்ணினார்.

"மேம், ஒரு நல்ல செய்தி. புதுசா ஒரு விதி கொண்டுவர்றோம். இனிமே விண்டோ திறந்தா, எதிர்ல உரிய ஆள் இருக்காரா, அவர் கண்ணு அதுமேல பட்டுதான்னு பார்க்கும். படலைன்னா அவர் இருக்கிற இடத்துக்கே தேடிப் போகும். உலகம் பூரா எல்லா புரோக்ராம்லயும் வரப்போகுது."

"நல்லது."

"அந்த விதிக்கு சார் பேரை வைக்கலாம்னு முடிவாகியிருக்கு."

"எந்த சாரு?"

"உங்க ஹஸ்பண்ட் மேம். ஒரு மரியாதையா. பாடத்திட்டத்துலயே வரும், 'சூசை விதி'ன்னு."

"தப்புப் பண்ணினவங்க பேரை வைங்க."

"அப்படி யாரும் இல்லையே மேம். விசாரணைக் கமிஷனே சொல்லிடுச்சே." நிஜமாகவே ஆச்சரியப்பட்டது அவர் குரல்.

"வேண்டாம்," என்றேன். "அவர் பேரை உங்க வாயில போடாதீங்க."

"யோசிச்சுச் சொல்லுங்க மேம், அவசரமில்ல," என்று வைத்தார். அடுத்த மாதமே பெயர் வைத்துவிட்டார்கள். விழாவில் எம்.டி. கண்ணைத் துடைத்துக்கொண்டதாகப் படத்தோடு செய்தி வந்தது.

அதற்குப் பிறகு பல வருஷம் ஓடிவிட்டது. போன வாரம், கோயம்புத்தூரில் என் தங்கை வீட்டில் இருக்கும்போது தலைசுற்றல் வந்து, பக்கத்துத் தெருவிலிருந்த ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு இருபது வயதிருக்கும். என் பெயரையும் வயதையும் தட்டினாள். பிறகு திரையை முறைத்தாள்.

"ஏ மௌனிகா, என்ர விண்டோ சூசையாயிருச்சுடி," என்று உள்ளே பார்த்துக் கத்தினாள்.

"எனக்கும் காலைல ரெண்டு தடவ சூசையாச்சு. ரீஸ்டார்ட் பண்ணு," என்று உள்ளிருந்து பதில் வந்தது.

"அப்படீன்னா என்னம்மா?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லீங்கம்மா. விண்டோ திறந்துதான் இருக்கும், ஆளைத் தேடீட்டு எங்க போச்சுன்னு தெரியாது. எல்லாமே அப்படியே உறைஞ்சு போயிரும். அதைத்தானுங்க சூசையாயிருச்சுன்னுவோம்."

"ஏன் அப்படிச் சொல்லுறீங்க?"

"தெரியலீங்க. காலேஜ்ல இருந்தே அப்படித்தான் சொல்லுவோம். ஏதோ ஜப்பான் வார்த்தைன்னு நினைக்கறேன்."

ஏதோ இரண்டு மூன்று பொத்தான்களை அமுக்கினாள். "வந்துருச்சு," என்று தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டாள். மறுபடி தட்ட ஆரம்பித்தாள்.

"கணவர் பேரு சொல்லுங்கம்மா."

சொன்னேன்.

அவள் விரல்களைத் தூக்கிக்கொண்டு சிரித்தாள். நல்ல பெண், சிரிப்பில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

"விளையாடாதீங்கம்மா," என்றாள். "பின்னால ஆள் நிக்கறாங்க. நிஜப் பேரைச் சொல்லுங்க."